இடது போஸ்ட்

முதலில் தப்புச் செய்தது தவசிதான். கொம்பையா இதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மறந்த நாளும் கிடையாது. இப்போதும் சுண்ணாம்புத் தூள் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கோல் போஸ்டைப் பார்த்து நடக்கும்போது அவர் நெஞ்சுக்குள் ஓடியது அதுதான். அவன்தானே முதலில். நான் செய்தது அப்புறம்தானே. தண்ணி லாரி வந்து நனைத்துவிட்டுப் போன சரள் தரையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. செருப்பில் செம்மண் அப்பியது. சாயங்காலம் மேட்ச். கிழக்குத்தெரு ஹாக்கி கிளப்பும் மில் காலனி டீமும். கோவில்பட்டியில் எத்தனையோ தடவை நடந்த மேட்ச்தான். ஆனால் இந்தத் தடவை தவசி மில் காலனி வேனில் வந்து இறங்குவான். மீசை முளைத்த நாளிலிருந்து கிழக்குத்தெருவுக்கு ஃபுல் பேக்காக நின்றவன், அந்த மீசையில் நரை விழுந்த பிறகும் தன் இடத்தை ஒருத்தனுக்கும் விட்டுக்கொடுக்காதவன், அவனைக் கொடுத்துவிட்டு மில் காலனியிலிருந்து ஆகாஷ் என்ற பையனை வாங்கிவிட்டார்கள். இங்கிருந்து ஒரு ரிலீஸ் கடிதம் போனது, அங்கிருந்து ஒரு ரிலீஸ் கடிதம் வந்தது. செயலாளர் சுந்தரவேலுவின் இரும்புக்கடையில் டீ ஆறுவதற்குள் காரியம் முடிந்தது. ஆட்டுக்கு ஆடு மாற்றுவது மாதிரி மாற்றிவிட்டார்களே படுபாவிகள் என்று கொம்பையா நினைத்தார். மாற்றிவிட்டார்கள் என்று யாரைச் சொல்கிறாய்? நீயும்தானே அந்தக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாய். இருந்தேன், இருந்தால் என்ன, கேட்டார்கள், சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்வது ஒரு குற்றமா? வாளியைக் கீழே வைத்தார். சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் பறந்து கண்ணில் விழுந்தது. வேட்டி முனையால் துடைத்துக்கொண்டார். ஒரு கண்ணில்தான் விழுந்தது, இரண்டிலும் தண்ணீர் வந்தது.

கோலைச் சுற்றி அரைவட்டமாக ஒரு கோடு உண்டு. டி என்பார்கள். அதைப் போட இரண்டு ஆள் வேண்டும். கயிற்றின் ஒரு முனையைப் போஸ்டின் அடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ள ஒருத்தர், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தூளைத் தூவியபடி நடக்க ஒருத்தர். இத்தனை வருஷமும் போஸ்டின் அடியில் குத்த வைத்து உட்காருவது தவசிதான். மேட்ச் அன்றைக்கு மற்றவன் எல்லாம் தூங்கி எழுந்து தலை சீவிக்கொண்டிருக்கும்போது இவன் மட்டும் முன்னாலேயே வந்துவிடுவான். இன்று கொம்பையா ஒரு முளைக்கம்பியைத் தரையில் அறைந்து அதில் கயிற்றைக் கட்டினார். தரை நனைந்திருந்ததால் கம்பி பிடிக்கவில்லை. பாதி வட்டம் போவதற்குள் கம்பி சாய்ந்து கோடு உள்ளே வந்துவிட்டது. காலால் அழித்தார். மறுபடியும் அறைந்தார். மறுபடியும் கோடு உள்ளே வந்தது. இடது போஸ்டின் அடியில் எப்போதுமே மண் இப்படித்தான், கையை வைத்தால் போதும், பொலபொலவென்று வரும். இதே போஸ்ட். இதே மண். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஒரு ஃபைனல். கொம்பையாதான் கீப்பர். இரண்டு பக்கமும் கோல் சமம், ஆட்டம் முடியப்போகிற நேரம், எதிரிக்குப் பெனால்டி கார்னர் கொடுத்துவிட்டான் அம்பயர். கார்னர் என்றால் கீப்பர் சொல்வதுதான் சட்டம். எவன் ஓட வேண்டும், எவன் போஸ்டில் நிற்க வேண்டும் என்று அவர்தான் ஆளை நிறுத்த வேண்டும். புதுசாக டீமுக்கு வந்த தவசியை இடது போஸ்டில் நிறுத்தினார். "ஏலே, நான் சொல்லாம நீ நகரப்படாது. இடி விழுந்தாலும் ஸ்டிக்க இந்த எடத்துல இருந்து எடுக்கப்படாது" என்றார். சரி அண்ணாச்சி என்று தலையாட்டினான். பந்து வந்தது. இடது பக்கத்துக்கு அவன் இருக்கிறான் என்ற தைரியத்தில் கொம்பையா வலது பக்கம் விழுந்தார். விழுந்துகொண்டிருக்கும்போதே, தரைக்கும் தனக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், அவன் போஸ்டை விட்டு வெளியே ஓடுவதைப் பார்த்தார். ஏன் ஓடினான்? பெரிய வீரன் என்று பேர் வாங்கவா? பயமா? இன்றுவரை தெரியாது. அவன் ஸ்டிக் இருக்க வேண்டிய இடத்தின் வழியாகப் பந்து போய்க் கோலின் பின்பலகையில் மோதியது. டம் என்றது. அந்தச் சத்தத்தை இப்போதும் கேட்கலாம். நேற்றுக்கூட ஆகாஷ் பையன் பழகுகிறேன் என்று அதே மூலையில் அடித்துக்கொண்டே இருந்தான், டம், டம், டம். "ஏலே, கொஞ்சம் அந்தப் பக்கமும் அடிச்சா என்ன" என்றார். "இந்த மூலைதான் தாத்தா நமக்கு ராசி" என்றான். தாத்தாவாம்.

ஊர் போஸ்டில் நின்றவனைப் பார்க்குமா? தரையில் கிடக்கும் கீப்பரைத்தான் பார்க்கும். படுத்துக்கிட்டே கோல் வாங்கினான்யா என்றது டீக்கடை. படுக்கை கொம்பையா என்று பேரே வைத்துவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பொம்பளைகள்கூட அவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதெல்லாம் போகட்டும். மேட்ச் முடிந்து எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அப்போதைய கேப்டன் கேட்டார், எல்லார் முன்னாலும் கேட்டார், "போஸ்ட்ட எவம்லே விட்டது?" கொம்பையா தவசியைப் பார்த்தார். அவன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான்தான் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவன் அவிழ்த்துக்கொண்டே இருந்தான். அவ்வளவு முடிச்சா இருந்தது அந்த ஷூவில்? கொம்பையாவே சொல்லியிருக்கலாம், இவன்தான் விட்டான் என்று. சொல்லவில்லை. சின்னப்பயல், முதல் ஃபைனல், அவனே சொல்லட்டும், சொல்லுவான் என்று பார்த்தார். இன்றைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான். அடுத்த டீமில் கொம்பையாவின் பேர் இல்லை. பேடுகளைக் கழற்றி வைத்தவர் கிரவுண்டுக்கு உருளை இழுக்கிறவராகவும் தண்ணி விடுகிறவராகவும் கோடு போடுகிறவராகவும் ஆனார். பழைய ஆட்டக்காரர் என்று கமிட்டியில் ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். தவசி பெரிய பேக் ஆனான். அவனைத் தாண்டிப் பந்து போகாது என்று வெளியூர்க்காரனும் சொன்னான். சொல்லும்போதெல்லாம் கொம்பையாவும் ஆமாம் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றார்.

கம்பியை மறுபடியும் பிடுங்கி வேறு இடத்தில் அறைந்தார். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இவ்வளவு இல்லை. இவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவன் அவன்தான். மகள் கல்யாணத்தில் பந்தியில் வாளி தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான். எங்கே பார்த்தாலும் அண்ணாச்சி அண்ணாச்சி என்று ஓடி வருவான். எல்லாம் செய்வான், அந்த ஒரு சொல்லைத் தவிர. சொல்ல வாய் வராமல்தான் இதெல்லாம் செய்கிறானா? அப்படித்தான் கொம்பையா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் சில நேரம், வெறும் கிரவுண்டில் தனியாக உருளை இழுக்கும்போது, வேறு ஒரு நினைப்பு வரும். மறந்தே போயிருப்பானோ? அவனுக்கு அது நூறு கார்னரில் ஒரு கார்னரோ? அந்த நினைப்பு வந்தால் உருளையை நிறுத்திவிட்டு நின்றுவிடுவார். அவன் மறந்துவிட்டால் அப்புறம் இதைச் சுமக்கிறவன் நான் ஒருத்தன்தானே. கடிதம் மாறிய அன்று ராத்திரி மனைவி சீனியம்மாள் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள், "அந்தத் தவசித் தம்பிய வேற டீமுக்குத் தள்ளிட்டாகளாமே, ஒங்களுக்கு இப்ப நிம்மதிதான?" கட்டினவளுக்குத் தெரியாமல் என்ன இருக்கிறது. "எனக்கென்னடி நிம்மதி? டீமுக்கு எது நல்லதோ அதச் செஞ்சிருக்காக." "அப்பம் சோத்தத் தின்னுங்க. ஏன் பெசஞ்சுக்கிட்டே இருக்கிய?" அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. டீமுக்காகத்தான் சொன்னேன் என்று ஒவ்வொரு உருண்டைக்கும் சொல்லிப் பார்த்தார்.

என்ன சொன்னார்? ரொம்பச் சொல்லவில்லை. மூன்று மாதமாகத் தவசி விடிவதற்கு முன்னால் கிரவுண்டுக்கு வருவான். உருளை நிற்கும் கொட்டகைக்குள் உட்கார்ந்து பேண்ட்டைச் சுருட்டி இடது முழங்காலைக் காட்டுவான். பனங்காய் மாதிரி வீங்கியிருக்கும். கொம்பையா எண்ணெய் தேய்த்து, துணிச் சுருளை இறுக்கிக் கட்டிவிடுவார். பழைய கீப்பர் கை, கட்டுப் போடத் தெரிந்த கை. "அண்ணாச்சி, ஒங்களுக்கும் எலும்பு வைத்தியர் பால்துரைக்கும் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இந்த டோர்னமெண்ட் ஒண்ணு மட்டும் நம்ம கிரவுண்டுல நம்ம சட்டைய போட்டு ஆடிட்டு நானே ஸ்டிக்க வச்சிருதேன். அதுவரைக்கும் வாயத் தொறந்திராதீக" என்றான். "என்னலே, என்ன நீ எப்படி நெனச்ச?" என்றார் இவர். கட்டின கை அது. வாய் திறந்தது அப்புறம். இரும்புக்கடையில் சுந்தரவேலு ஆள் மாற்றும் பேச்சை எடுத்தபோது மற்றவர்கள் எல்லாம் குதித்தார்கள். "தவசியவா? ஊரு காறித் துப்பிரும்வே." "ஒரு சுண்டெலிக்கு ஆனையைக் குடுப்பானா எவனாவது?" சுந்தரவேலுவே பின்வாங்கிவிட்டார், பேச்சு முடிந்தது, டம்ளரைக் கழுவப் போனார்கள். அப்போதுதான் அவர் சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டார், "அண்ணாச்சி, நீங்க தெனமும் பாக்கிறவுக, என்ன சொல்லுதிய?" கொம்பையா தலையைச் சொறிந்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கென்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் யாரோ ஒரு தகரத் தட்டைக் கீழே போட்டான். டம் என்றது. "முட்டு போயிருச்சு" என்றார் கொம்பையா. தன் குரல்தானா என்று தனக்கே சந்தேகமாக இருந்தது. "எடது பக்கம் திரும்ப மாட்டான்." டம்ளரைக் கழுவப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். "இத ஏன் அண்ணாச்சி முன்னாலயே சொல்லல?" "யாரு கேட்டிய?" என்றார். அதில் ஒரு ருசி இருந்தது. அதுதான் இப்போது குடைகிறது. சொன்னது பொய்யில்லை, முட்டு போனது உண்மை. ஆனால் சொன்னபோது நாக்கில் ஒரு ருசி இருந்ததே, வெல்லம் மாதிரி, அதற்கு என்ன பதில்?

சரி, அவன் ஒரு சொல் சொல்லவில்லை, நான் ஒரு சொல் சொல்லிவிட்டேன், இரண்டும் சரிக்குச் சரி என்று விட்டுவிடலாமா? விட முடியவில்லை. அவன் செய்தபோது பத்தொன்பது வயசு. எனக்கு இப்போது அறுபதைத் தொடப்போகிறது. அவன் பயத்தில் செய்தான். நான்? கயிறு எங்கேயோ மாட்டிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் கம்பி பிடுங்கிக்கொண்டு வந்து தரையில் கிடந்தது. கோடு டி மாதிரியே இல்லை. வேன் ஹாரன் கேட்டது. வேப்பமரத்தடியில் மில் காலனி நீலச்சட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கொம்பையா குனிந்துகொண்டார். வாளிக்குள் கையை விட்டுத் தூளை அள்ளினார், கொட்டினார், அள்ளினார். நடையைப் பார்க்காமலே தெரிந்தது. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் அழுத்தாமல்.

"என்ன அண்ணாச்சி, டி-ய தோசை மாதிரி ஊத்தி வச்சிருக்கிய?" தவசி நின்றான். நீலச்சட்டை அவனுக்கு இறுக்கமாக இருந்தது. யாரோ இளவட்டத்தின் சட்டை. "கம்பி நிக்க மாட்டங்குலே" என்றார் கொம்பையா. முகத்தைப் பார்க்கவில்லை. "ஒங்க கம்பி நான்லா" என்று சிரித்துக்கொண்டே கயிற்று முனையை எடுத்தான். இடது போஸ்டின் அடியில் உட்கார்ந்தான். குத்த வைக்க முடியவில்லை. இடது காலை நேராக நீட்டி, ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தான், சின்னப்பிள்ளை மண்ணில் விளையாட உட்காருவது மாதிரி. "எதிரி டீம்காரன் வந்து கோடு போடக் கூடாதுன்னு ரூல் ஒண்ணும் இல்லியே?" "போடுலே பேசாம." கொம்பையா நடந்தார். கயிறு விறைத்து நின்றது. கோடு அழகாக விழுந்தது. "இன்னைக்கு எறக்குதாங்களா ஒன்ன?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். "எங்க அண்ணாச்சி. கால் சேதி அவங்களுக்கும் போயிருச்சு. பெஞ்சுதான். தண்ணி பாட்டில் குடுக்க ஒரு ஆளு வேணும்லா." மறுபடி சிரித்தான். "நம்ம கிரவுண்டுல வந்து பெஞ்சுல உக்காரணும்னு எழுதியிருக்கு. நேத்து பெரியவன் கேக்கான், யப்பா, நான் யாருக்குக் கை தட்டன்னு. என்னத்தச் சொல்ல?" கொம்பையாவின் கையிலிருந்து தூள் ஒரே இடத்தில் குவியலாக விழுந்தது. காலால் பரப்பினார்.

"எவன் சொன்னான்னு கண்டுபிடிச்சிட்டேன் அண்ணாச்சி." கயிறு அசையவில்லை. கொம்பையாவின் கால்தான் நின்றது. "பால்துரை. அவந்தான். நேத்து அவன் வாசல்ல போய் நின்னு நாக்கப் பிடுங்குத மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வந்தேன். தெருவே கூடிருச்சு. சத்தியம் பண்ணுதான், பிள்ளைக தலையில அடிச்சு. நடிப்பு. இனிமே எவன் அவங்கிட்டக் கட்டுப் போடப் போவான்னு பாக்கேன்." கொம்பையா வாயைத் திறந்தார். வெயில் உள்ளே போனது. "அந்த ஆளு அப்படிப்பட்டவன் இல்லலே" என்றார். குரல் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. "பின்ன? தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. அவனுக்கும் ஒங்களுக்கும். நீங்களா சொல்லுவிய?" கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. சொல்லிவிட்டுத் தரையில் கிடந்த சரளைக் கல் ஒன்றைப் பொறுக்கி வெளியே எறிந்தான். இப்போது சொல்லிவிடலாம். நான்தான். ஒரு சொல். கொம்பையா வாளியைப் பார்த்தார். வாளியில் தூள் இருந்தது. அதை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒதுக்கினார், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு ஒதுக்கினார். பால்துரையின் பிள்ளைகள் முகம் வந்தது. சின்னதுக்குப் பல் விழுந்த வாய். சொல், சொல்லித் தொலை. சொன்னால் இவன் கேட்பான், ஏன் சொன்னிய என்று. கேட்டால் அந்தக் கார்னரைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் அவன் வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்துக் கிடந்ததை என் வாயாலே எடுத்துக் கொடுக்க வேண்டும். அவன் ஒருவேளை, எந்தக் கார்னர் அண்ணாச்சி, என்று கேட்டுவிட்டால்? தவசி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போஸ்டைக் கையால் தடவிக்கொண்டிருந்தான். வெள்ளைப் பெயிண்ட் செதில் செதிலாக வந்தது. "அண்ணாச்சி, இந்த போஸ்ட்டுல நின்னாலே எனக்கு..." என்று ஆரம்பித்தான். கொம்பையா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சொல்லு. சொல்லுலே. நீ சொல்லிவிட்டால் நானும் சொல்லிவிடுகிறேன், பால்துரை வீட்டு வாசலுக்கு நானே போய் நிற்கிறேன், இரும்புக்கடைக்கும் போகிறேன், நீ ஒரு சொல் சொல்லு. "தவசியண்ணே! கோச் கூப்பிடுதாரு, சீக்கிரம் வாங்க!" என்று மரத்தடியிலிருந்து ஒரு நீலச்சட்டை கத்தியது. "தண்ணி கேனத் தூக்கணும்!" தவசி போஸ்டைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து எழுந்தான். பின்பக்கத்து மண்ணைத் தட்டினான். "என்னமோ சொல்ல வந்தியே" என்றார் கொம்பையா. "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பெரிசா ஒண்ணுமில்ல." கயிற்று முனையைப் பார்த்துப் பக்குவமாகக் கீழே வைத்தான். "வலது பக்கம் நீங்களே கம்பி அடிச்சுப் போட்டுருங்க, அங்க மண்ணு கெட்டி, நிக்கும்" என்றான்.

போய்விட்டான். ஒரு கால் அழுத்தி, ஒரு கால் அழுத்தாமல், மரத்தடிக்குப் போய்த் தண்ணீர்க் கேனைத் தூக்கினான். கொம்பையா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிப் போய்க் கையைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று கால் துடித்தது. நாளைக்குப் பால்துரை வீட்டுக்குப் போக வேண்டும். போவேனா? போக வேண்டும். சாகும்வரை இந்த முகத்தை இவனிடம் காட்ட வேண்டுமே. ஆனால் அந்தத் துடிப்புக்கு அடியில், அவ்வளவு அடியில் கிடந்தும் அசையாமல், இன்னொன்றும் இருந்தது. அவன் எழுந்து போனது கோச் கூப்பிட்டதால்தானா? பெரிசா ஒண்ணுமில்ல என்றானே. எதை ஒன்றுமில்லை என்றான்? மரத்தடியில் தவசி நீலச்சட்டைப் பையன்களுக்கு ஒவ்வொருத்தராகத் தண்ணீர் ஊற்றினான். கடைசியில் தானும் ஒரு மடக்குக் குடித்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். காலை நீட்டினான். வாயைத் துடைத்துக்கொண்டான். அவன் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.